சட்டமன்றத்தில் உங்கள் ஊர் ஜி.எச்.: மருத்துவமனை விவாதத்தைப் பின்தொடர்வது எப்படி

மக்கள் நல்வாழ்வுத் துறையின் மானியக் கோரிக்கை (துறை தன் ஆண்டுச் செலவுக்குப் பேரவையிடம் கேட்கும் பணம்) பேரவையில் விவாதத்துக்கு வரும் நாளில், தொலைக்காட்சியின் அடிவரியில் ஓடுவதெல்லாம் கோடிகளும் கட்டடங்களும்தான். மறுநாள் நாளிதழில் எந்தெந்த ஊர் மருத்துவமனை தரம் உயர்கிறது என்று பட்டியல் வரும். ஊரில் பேனர் கட்டுவார்கள். அப்புறம் அந்த விவாதத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்றவள். பணியில் இருந்த காலத்திலிருந்தே இந்த விவாதத்தையும் அதையொட்டி வெளியாகும் ஆவணங்களையும் விடாமல் படிக்கிறேன். மருத்துவமனைச் சீர்திருத்தம் என்று அவையில் யார் எதைச் சொன்னாலும், அந்தப் பேச்சில் நான் முதலில் தேடுவது பணியிடத்தை. எத்தனை பேர், எந்தப் பதவி, நிரந்தரமா தொகுப்பூதியமா (மாதம் ஒரே தொகைக்குத் தற்காலிகமாக எடுப்பது), எப்போது வந்து சேருவார்கள்? இதற்கு விடை இருந்தால் அந்த அறிவிப்பை நம்பலாம். இல்லையென்றால் வரப்போவது கட்டடம் மட்டும்தான். இந்தக் கண்ணோடு விவாதத்தைப் படிப்பது எப்படி, உங்கள் ஊர்ப் பிரச்சினையை அதற்குள் கொண்டுபோவது எப்படி என்று எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன்.

எந்த அவையில் தேடுவது

பொது சுகாதாரம், மருத்துவமனைகள், மருந்தகங்கள் ஆகியவை அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் 6-ஆவது இனமாக உள்ளன. மருத்துவக் கல்வி 1976-இல் 42-ஆவது திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றியமும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் தாலுகா மருத்துவமனையில் இரவில் டாக்டர் இல்லை என்றால் அதைக் கேட்க வேண்டிய இடம் சென்னைக் கோட்டை. டாக்டர் ஆகும் வழி, மருத்துவக் கல்லூரிக்கான விதி, எய்ம்ஸ் போன்ற நிறுவனம் என்றால் டெல்லி. இந்தப் பிரிவு தெரியாமல் எம்.பி.யிடம் கேட்டால், "மருத்துவமனைகள் மாநிலப் பொருள்" என்ற வரியோடுதான் ஒன்றிய அமைச்சகத்தின் பதில் தொடங்கும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. தமிழ்நாடு சட்டமன்றத்தில் துறைவாரியாக நாள் ஒதுக்கி மானியக் கோரிக்கைகளைப் பேசுகிறார்கள். மக்களவையில் சில அமைச்சகங்களின் கோரிக்கைகள் மட்டுமே விவாதிக்கப்படும். மற்றவை கடைசி நாளில் கில்லட்டின் முறையில் விவாதம் இல்லாமல் மொத்தமாக வாக்கெடுப்புக்குப் போகும். சுகாதார அமைச்சகமும் அப்படிப் போன ஆண்டுகள் உண்டு. ஆகவே டெல்லியைப் பொறுத்தவரை அவைப் பேச்சைவிட, சுகாதாரத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு அந்தக் கோரிக்கைகளை ஆராய்ந்து தரும் அறிக்கையே பயன்படும். ஒதுக்கிய பணம் ஏன் செலவாகவில்லை என்று கட்சி வேறுபாடு இல்லாமல் அங்கே கேட்டிருப்பார்கள்.

முதலில் கையில் எடுக்க வேண்டியவை

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு மானியக் கோரிக்கை எண் 19. விவாத நாளன்று துறையின் பணிகளையும் திட்டங்களையும் விளக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு என்ற ஆவணத்தை அவையில் வைப்பார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் உண்டு, அரசின் இணையதளத்தில் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கும். தடிமனைப் பார்த்து மலைக்க வேண்டாம். உங்கள் மருத்துவமனை எந்த இயக்குநரகத்தின் கீழ் வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பக்கங்களைத் தள்ளிவிடலாம். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை. தாலுகா மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை என்றால் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மருத்துவக் கல்வி இயக்குநரகம்.

இது வெறும் அலுவலக விவரம் என்று நினைக்க வேண்டாம். 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. விருதுநகர், திண்டுக்கல், நாமக்கல், அரியலூர், நாகப்பட்டினம் எல்லாம் அதில் வரும். ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனை கல்லூரி மருத்துவமனை ஆகும்போது அது ஒரு இயக்குநரகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறது. பழைய ஊழியர்களில் யார் இருப்பார்கள், யார் போவார்கள் என்ற கேள்வி எழும். தலைமை மருத்துவமனை என்ற பெயர் மாவட்டத்தின் வேறொரு ஊருக்குப் போகும், அந்த ஊர் தாலுகா மருத்துவமனையின் பலகை மாறும். நாகையில் கல்லூரி ஊருக்கு வெளியே ஒரத்தூரில் இருக்கிறது. கல்லூரி வருவது நல்லதுதான். ஆனால் நகருக்குள் எத்தனை படுக்கை, எந்தெந்தப் பிரிவு மிச்சம் இருக்கும் என்பதை அறிவிப்பு வரும்போதே உறுப்பினர்கள் கேட்டிருக்க வேண்டும். இதுபோன்ற அறிவிப்பை இனி எங்கே படித்தாலும், இந்த மாற்றத்தில் எந்த ஊர் எதை இழக்கிறது என்று பாருங்கள்.

அடுத்து பட்ஜெட் புத்தகம். ஒவ்வொரு தலைப்புக்கும் முடிந்த ஆண்டின் கணக்கு, நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு என்று எண்கள் வரிசையாக இருக்கும். அமைச்சர் பேச்சில் வருவது வரும் ஆண்டின் மதிப்பீடு. அதைவிட, முடிந்த ஆண்டில் கடைசியாக எவ்வளவு செலவானது என்ற எண் நேர்மையாகப் பேசும். ஒதுக்கீடு கூடிக்கொண்டே போய், செலவு அதே இடத்தில் நின்றால் காரணம் பெரும்பாலும் காலிப் பணியிடம்தான். சம்பளம் வாங்க ஆள் இல்லாவிட்டால் பணம் திரும்பிவிடும்.

தேர்தல் ஆண்டில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். முதலில் இடைக்கால நிதிநிலை அறிக்கைதான் வரும். துறைவாரி விவாதம் புதிய அரசு வந்த பிறகே நடக்கும். 2021-இல் திருத்திய நிதிநிலை அறிக்கை ஆகஸ்ட் 13 அன்று வந்தது, மானியக் கோரிக்கைகள் அதற்குப் பிறகுதான்.

பேச்சைப் படிக்கும்போது

உறுப்பினர் பேச்சில் பாராட்டையும் சாடலையும் தாண்டி வேகமாகப் போங்கள். "எனது தொகுதியில்" என்று தொடங்கும் பத்திகளில்தான் சரக்கு இருக்கும். எக்ஸ்ரே கருவி இருக்கிறது, டெக்னீஷியன் இல்லை; பிணவறைக்குக் குளிர்பதனப் பெட்டி இல்லை; இதுபோன்ற வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்சி சொன்னது என்பது முக்கியமில்லை. கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்லி உறுப்பினர் தரும் வெட்டுத் தீர்மானங்களையும் பாருங்கள். அவை நிறைவேறப்போவதில்லை, நிறைவேறினால் அரசுக்குப் பெரும்பான்மை இல்லை என்று ஆகிவிடும். ஆனால் எதிர்க்கட்சிக்காரர் குறையை எழுத்தில் தரும் இடம் அது.

அமைச்சர் பதிலில் "தரம் உயர்த்தப்படும்" என்று வந்தால் நிதானமாக அடுத்த வரியைப் படியுங்கள். ஒரு தாலுகா மருத்துவமனை உண்மையிலேயே உயர்ந்தது என்று சொல்ல, நள்ளிரவில் சிசேரியன் செய்ய முடிகிறதா என்று பார்த்தால் போதும். அதற்கு மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், பச்சிளம் குழந்தையைப் பார்க்க ஆள், ரத்த சேமிப்பு வசதி, தியேட்டர் செவிலியர் எல்லாரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். இதில் ஒருவர் இல்லாவிட்டாலும் 108-ஐக் கூப்பிட்டு மேல் மருத்துவமனைக்கு அனுப்புவதுதான் நடக்கும். இந்தியப் பொது சுகாதாரத் தரநிலைகளும் முதல் பரிந்துரை மையம் (சிறிய நிலையங்கள் சிக்கலான நோயாளியை முதலில் அனுப்பும் மருத்துவமனை) என்று ஒன்றை ஏற்க, அவசரப் பிரசவ அறுவை, குழந்தைப் பராமரிப்பு, ரத்த சேமிப்பு மூன்றும் 24 மணி நேரமும் வேண்டும் என்கின்றன. தரநிலை 2007-இல் வந்தது, 2012-லும் 2022-லும் திருத்தினார்கள். இந்த மூன்றும் அப்படியே இருக்கின்றன.

"24 மணி நேர சேவை" என்ற அறிவிப்புக்கு நீங்களே ஒரு கணக்குப் போடலாம். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் வேலை செய்தால் ஒரு இடத்தை நிரப்பவே மூன்றரை ஆள் வேண்டும். விடுப்பு, பயிற்சி, பேறுகால விடுப்பு எல்லாம் சேர்த்தால் நாலிலிருந்து ஐந்து பேர். நான் இருந்த ஒரு மருத்துவமனையில் 24 மணி நேர மருந்தகம் என்று பலகை வைத்தார்கள், மருந்தாளுநர் பணியிடம் இரண்டு மட்டும். இரவில் வார்டுச் செவிலியரே மாத்திரையை எண்ணிக் கொடுத்தார். அவர் மருந்து எண்ணும் நேரத்தில் படுக்கையில் இருந்த நோயாளியைப் பார்க்க யாரும் இல்லை. அறிவிப்பில் ஒரு பொய்யும் இருக்கவில்லை, மருந்து 24 மணி நேரமும் கிடைத்தது. ஆகவே எத்தனை பேரை வைத்து நடத்துகிறார்கள் என்பதைக் கட்டாயம் கேளுங்கள்.

நிரந்தரமா தொகுப்பூதியமா என்பதையும் விடாதீர்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012-இல் தொடங்கியது. 2015 முதல் அதன் வழியாகவே செவிலியர்களைத் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். அவர்களில் பலர் நிரந்தரமாவதற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. "பணி நியமனம்" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விதமான வாழ்க்கை இருக்கிறது. தொகுப்பூதியத்தில் இருப்பவர் வேறு வேலை கிடைத்தால் போய்விடுவார், அவர் கற்ற திறமையும் அவரோடு போய்விடும். நோயாளிக்கு இது நேரடியான இழப்பு.

மருந்து பற்றிய விவாதம்

இது என் துறை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எல்லா ஆண்டும் எதிர்க்கட்சி "மருந்து இல்லை" என்று சொல்லும், அமைச்சர் "தட்டுப்பாடே இல்லை, கிடங்கில் மூன்று மாத இருப்பு உள்ளது" என்பார். இரண்டு பேர் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் உருவானது. மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டரில் மருந்து வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் ஒன்றைத் தருகிறார்கள். அந்தப் புத்தகத்தில் மருத்துவமனைக்கான தொகை இருக்கும். இன்டென்ட் (தேவைப் பட்டியல்) போட்டு மருந்து எடுக்க எடுக்கத் தொகை குறையும். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுப்போன நல்ல ஏற்பாடு இது, எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் கிடங்கில் மருந்து குவிந்திருந்தாலும் உங்கள் மருத்துவமனையின் பாஸ்புக்கில் தொகை தீர்ந்திருக்கலாம். புறநோயாளி எண்ணிக்கை இரண்டு மடங்கு ஆகியும் ஒதுக்கீடு பழைய கணக்கிலேயே இருக்கலாம். குறிப்பிட்ட ஒரு மருந்து தரப் பரிசோதனை முடியாமல் கிடங்கிலேயே நிற்கலாம். அப்போது உள்ளூர்க் கொள்முதல் செய்யலாம், அதற்கும் வரம்பு உண்டு.

தட்டுப்பாட்டுக்கு வெளியில் தெரியாத ஒரு வடிவமும் இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவருக்கு ஒரு மாதத்துக்கு மாத்திரை தர வேண்டிய இடத்தில் பத்து நாளுக்குக் கொடுத்து அனுப்புவது. பதிவேட்டில் "வழங்கப்பட்டது" என்றுதான் இருக்கும். வயல் வேலைக்குப் போகும் ஒரு பெரியம்மா அந்த மாத்திரைக்காக மாதத்தில் மூன்று நாள் கூலியை விட வேண்டும். இரண்டாவது முறை வருவார். மூன்றாவது முறை வர மாட்டார். பக்கவாதம் வந்த பிறகு ஸ்ட்ரெச்சரில் வருவார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகும் ஏற்பாடு வந்தபோது நான் மனதார மகிழ்ந்தேன். அந்தத் திட்டம் எத்தனை கோடி பேரைத் தொட்டது என்பதை விவாதத்தில் சொல்வார்கள். தொடர்ந்து மாத்திரை எடுப்பவர் எத்தனை பேர், அவர்களில் சர்க்கரையும் அழுத்தமும் கட்டுக்குள் இருப்பவர் எத்தனை பேர் என்பதே நாம் கேட்க வேண்டியது.

ஆகவே மருந்து பற்றி உங்கள் எம்.எல்.ஏ.விடம் சொல்வதாக இருந்தால் "மருந்து இல்லை" என்று சொல்லாதீர்கள். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த மருத்துவமனை, எந்த மாதம், எத்தனை நாளுக்குக் கொடுத்தார்கள், இந்த ஐந்தையும் எழுதிக் கொடுங்கள். பொதுவான பதிலால் அதைத் தட்டிவிட முடியாது.

டெல்லி பதில்களை அடுக்கி வைத்துப் படிப்பது

மக்களவையில் நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்வார், துணைக் கேள்வி கேட்கலாம். குறியிடாததற்கு எழுத்தில் பதில். இரண்டும் நாடாளுமன்ற இணையதளத்தில் கிடைக்கும். ஒரு பதிலைத் தனியாகப் படித்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒரே விஷயத்தைப் பற்றிப் பல ஆண்டுகளில் வந்த பதில்களைத் தேதி வரிசையில் வையுங்கள்.

மதுரை எய்ம்ஸ் இதற்கு நல்ல பயிற்சி. தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்று 2015 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவித்தார்கள். தோப்பூர் என்று இடம் முடிவானது 2018 ஜூனில். அந்த ஆண்டு டிசம்பரில் அமைச்சரவை ரூ.1,264 கோடிக்கு ஒப்புதல் தந்தது. 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல். ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தோடு கடன் ஒப்பந்தம் 2021 மார்ச்சில். செலவு மதிப்பீடு ரூ.1,977.80 கோடி ஆனது. 2022-இல் முதல் 50 மாணவர்கள் சேர்ந்தார்கள், படித்தது ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில். கட்டுமானம் தொடங்கியது 2024 மார்ச்சில். இந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அந்தந்தக் காலத்தில் அவையில் சொன்ன முடிவுத் தேதியை எழுதிப் பாருங்கள். தென்மாவட்ட மக்கள் ஏன் கோபப்பட்டார்கள் என்பது யாரும் விளக்காமலே புரியும்.

சட்ட முன்வடிவு விவாதத்தைப் படிக்கும் முறை கொஞ்சம் வேறு. மருத்துவக் கல்வியையும் மருத்துவத் தொழிலையும் ஒழுங்குபடுத்த வந்த தேசிய மருத்துவ ஆணைய மசோதா 2019-இல் ஜூலை 29 அன்று மக்களவையிலும் ஆகஸ்ட் 1 அன்று மாநிலங்களவையிலும் நிறைவேறியது. அதன் 32-ஆவது பிரிவு, சமுதாய சுகாதார வழங்குநர் என்ற பெயரில் நவீன மருத்துவத் தொழிலோடு தொடர்புடைய சிலருக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் தரலாம் என்றது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்களுக்கு மருந்து எழுதப்போவது யார் என்று தீர்மானிக்கக்கூடிய பிரிவு. மேடையில் பேசுவதைக் கேட்பதற்கு முன் அந்தப் பிரிவைப் படித்துவிட வேண்டும். அதே மசோதாவின் 2017 வடிவம் நிலைக்குழுவுக்குப் போய், ஆயுர்வேதம், சித்தா, ஹோமியோபதி போன்ற முறை மருத்துவர்கள் நவீன மருந்தும் எழுத வழிசெய்யும் இணைப்புப் படிப்பு என்ற பகுதி பிறகு கைவிடப்பட்டது. குழுவுக்குப் போகும் மசோதா மாறும் என்பதற்கு இது சாட்சி. ஒரு மசோதா குழுவுக்குப் போகிறதா என்பதைக் கவனியுங்கள், போனால் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு விளம்பரம் வரும். அப்போது எழுதுங்கள்.

உங்கள் கேள்வியை உள்ளே கொண்டுபோவது

முதலில் உண்மை விவரம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடுங்கள். தாலுகா மருத்துவமனைக்கு மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு. அனுமதிக்கப்பட்ட பணியிடம், நிரப்பப்பட்டது, காலி, எந்தத் தேதியிலிருந்து காலி, வேறு இடத்துக்கு மாற்றுப்பணியில் அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று பதவிவாரியாகக் கேளுங்கள். மாற்றுப்பணியை விட்டுவிட வேண்டாம். காகிதத்தில் இருப்பவர், ஊரில் இல்லாமல் இருப்பது அங்கேதான் தெரியும். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. பட்ஜெட் கூட்டத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே இதைச் செய்துவிட்டால் நல்லது.

பணியில் இருக்கும் செவிலியரிடமோ மருந்தாளுநரிடமோ பதிவேட்டைப் படம் எடுத்துத் தரச் சொல்லாதீர்கள். நடத்தை விதிகளில் மாட்டிக்கொள்வது அவர்கள்தான். நோயாளிகளின் பெயரும் எங்கேயும் வரக் கூடாது.

அப்புறம் ஒரே பக்கத்தில் கடிதம். உறுப்பினருக்கு அவையில் கிடைப்பது சில நிமிடங்கள், அதில் உங்கள் ஊருக்குக் கிடைப்பது இரண்டு வரி. அந்த இரண்டு வரியை நீங்களே எழுதிக் கொடுங்கள். "இந்த மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணர் பணியிடம் இந்தத் தேதியிலிருந்து காலி. இரவுப் பிரசவங்கள் இத்தனை கிலோமீட்டர் தள்ளி அனுப்பப்படுகின்றன. எப்போது நிரப்பப்படும்?" கோரிக்கையைவிடக் கேள்வி நல்லது. கோரிக்கைக்கு "ஆவன செய்யப்படும்" என்று பதில் வரும். கேள்விக்குத் தேதி சொல்ல வேண்டியிருக்கும். ஆளும் கட்சி உறுப்பினர் தயங்கினால் பக்கத்துத் தொகுதிக்காரரிடம் கொடுங்கள், மருத்துவமனைக்கு வருபவர்கள் தொகுதி எல்லை பார்த்து வருவதில்லை.

பேரவை விதி 110-இன் கீழ் முதல்வரோ அமைச்சரோ படிக்கும் அறிவிப்பு என்றால் அதன் மேல் விவாதம் கிடையாது. அதைப் பின்தொடர, அடுத்த கூட்டத்தில் கேள்வி ஒன்றே வழி.

விவாதம் முடிந்த பிறகு

அமைச்சர் அவையில் "செய்வோம்" என்று சொன்னது பதிவாகிறது. பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று உண்டு, அந்த உறுதிகள் நிறைவேறினவா என்று பார்ப்பது அதன் வேலை. அந்தக் குழு மாவட்டங்களுக்கு வரும், மருத்துவமனைகளையும் நேரில் பார்க்கும். மனுக்கள் குழுவும் அப்படி வரும், பொதுமக்கள் நேராகவே மனு தரலாம். எந்தத் தேதி வருகிறது என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகச் செய்திக்குறிப்பில் முன்கூட்டியே போடுவார்கள். அன்றைக்கு அமைச்சர் பேசிய பக்கத்தின் நகலோடு போய் நில்லுங்கள்.

அறிவிப்புக்கான அரசாணை வந்ததா என்று அரசின் இணையதளத்தில் தேடுங்கள். கட்டடத்துக்கு ஒரு அரசாணை, பணியிடத்துக்குத் தனி அரசாணை வரும். முதலாவது வந்து இரண்டாவது வராமல் கிடப்பதுதான் நான் அதிகம் பார்த்தது. அந்த அரசாணையின் எண்ணைக் கேட்டே இன்னொரு தகவல் உரிமை மனு போடலாம்.

கடைசியாக, இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை. தமிழ்நாட்டின் பொது சுகாதார உட்கட்டமைப்பைப் பற்றி 2016-22 காலத்துக்கு ஒரு செயல்திறன் தணிக்கை செய்து, 2024 இறுதியில் பேரவையில் வைத்தார்கள். ஆள் பற்றாக்குறை, மருந்து, கருவிகள் என்று தனித்தனி அத்தியாயங்கள் இருக்கின்றன. உங்கள் மாவட்டம் அதில் மாதிரியாக எடுக்கப்பட்டிருந்தால் அதிர்ஷ்டம். பட்டியலில் உங்கள் மருத்துவமனைப் பெயர் இருக்கிறதா என்று முதலில் பின்னிணைப்பைத் திறந்து பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தின் நகலை அடுத்த ஆண்டுக் கடிதத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.